ஏப்ரலில் தேடினால் லேட்! புதுச்சேரி கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் குறித்து வைக்க வேண்டிய மாதங்கள்

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் காலாப்பட்டு பஸ் ஏறினால், முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம் வரும். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அடுத்து வரும் சின்ன முதலியார்சாவடியும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடுதான். பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி தொடங்கிவிடும். முன்பு புதுவை பொறியியல் கல்லூரியாக இருந்து, 2020-ல் பல்கலைக்கழகமாக மாறிய புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் 1985-ல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம்.

காலேஜ் போய்வர தினமும் நாலு முறை எல்லை தாண்டும் மாணவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் வாய்ப்பு என்று வரும்போது அந்த எல்லைக்கோடு நன்றாகவே தெரியும். தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. அது தமிழ்நாடு அரசின் திட்டம். திண்டிவனத்தில் படிக்கும் மாணவருக்குக் கிடைக்கும், காலாப்பட்டில் படிப்பவருக்குக் கிடைக்காது.

அப்படியென்றால் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு என்னதான் இருக்கு? நிறையவே இருக்கு. எந்த ஊர், எந்த காலேஜ் என்று கேட்காத வாய்ப்புகளும் அதில் உண்டு. பிரச்சினை என்னவென்றால், அவை நாம் தேடுகிற நேரத்தில் திறந்திருப்பதில்லை.

கோடைக்கு எப்போ அப்ளை பண்ணணும்?

செமஸ்டர் தேர்வு நெருங்கும்போதுதான், அதாவது ஏப்ரல் வாக்கில்தான், "லீவுக்கு ஏதாவது இன்டர்ன்ஷிப் இருக்கா?" என்ற கேள்வி கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வரும். அதற்குள் நல்ல இடங்கள் பலவும் முடிந்திருக்கும்.

பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளுடன் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்பை எடுத்துக்கொள்வோம். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் நடக்கும் இதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். தீபாவளி லீவில் உட்கார்ந்து எழுத வேண்டிய விண்ணப்பம் இது. ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதமும் வாங்க வேண்டும். கடைசி நாளில் போய் நின்றால் எந்த ஆசிரியரும் நல்ல கடிதம் எழுதித் தர முடியாது.

சென்னை ஐஐடியின் கோடை ஃபெலோஷிப் இதைவிடக் கொஞ்சம் தாமதம். பெரும்பாலும் மார்ச் வாக்கில் விண்ணப்பம் கேட்பார்கள். அங்கே மதிப்பெண்ணும் வகுப்பு ரேங்கும் பெரிதாகப் பார்க்கப்படும் என்பதால் எல்லாருக்குமானது என்று சொல்ல முடியாது.

ரேங்க் கேட்காத இடம் எது?

கூகுள் சம்மர் ஆஃப் கோட். 2005-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் கூகுள் பணம் கொடுக்கும், ஆனால் வேலை கூகுளுக்கு இல்லை. டெபியன், விக்கிமீடியா மாதிரியான ஓப்பன் சோர்ஸ் அமைப்புகளுக்கு, அவர்களுடைய மென்பொருளில், ஒரு வழிகாட்டியின் உதவியோடு கோட் எழுத வேண்டும். எல்லாமே வீட்டிலிருந்தே. 2022 முதல் மாணவர் அல்லாதவர்களும் சேரலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவராக இருக்கலாம்.

வேலையின் அளவு 90, 175, 350 மணி நேரம் என மூன்று வகை. உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் இருப்பவருக்கு 350 மணி நேரப் பணிக்கு அண்மை ஆண்டுகளில் 3,000 டாலர் தரப்பட்டது.

பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரி கடைசியில் வரும். விண்ணப்பிக்க மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை நேரம். 'அப்போ மார்ச்சில் பார்த்துக்கலாம்' என்று நினைப்பதுதான் இதில் பலரும் செய்யும் தப்பு. 2025-ல் 15,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், தேர்வானவர்கள் சுமார் 1,280 பேர். ஆயிரக்கணக்கான புரொபோசல்களைப் படிக்கும் வழிகாட்டிகள் யாரைத் தேடுவார்கள்? ஏற்கெனவே தங்கள் மென்பொருளில் நாலு பிழைகளைத் திருத்தி அனுப்பியவரை, மெயிலிங் லிஸ்ட்டில் உருப்படியாகக் கேள்வி கேட்டவரை. அந்த அறிமுகத்துக்கு மூன்று, நாலு மாதம் ஆகும். ஆக, இதற்கான உண்மையான தொடக்கம் நவம்பர், டிசம்பர்தான். ஏஐ எழுதித் தந்த புரொபோசலை மார்ச்சில் அப்படியே ஒட்டி அனுப்புவோர் இப்போது அதிகம். முன்கூட்டியே வந்து வேலை செய்தவருக்கு மதிப்பு கூடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அவுட்ரீச்சி. தொழில்நுட்பத் துறையில் பிரதிநிதித்துவம் குறைவாக உள்ளவர்கள், பாகுபாட்டைச் சந்தித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மூன்று மாத வேலை, 7,000 டாலர். முதல் கட்ட விண்ணப்பத்தில் கோடிங் கேள்வியைவிட, உங்கள் சூழலில் என்ன தடைகளைச் சந்தித்தீர்கள் என்ற கட்டுரைக்குத்தான் முக்கியத்துவம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களும் பெண்களும் இதைத் தெரியாமலேயே விட்டுவிடுவதுண்டு. மே மாதம் தொடங்கும் சுற்றுக்கு ஜனவரி, பிப்ரவரியில் விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் சுற்றுக்கு ஆகஸ்ட். நம் ஊர் செமஸ்டர் கணக்குக்கு ஒத்துவருவது மே சுற்றுதான்.

அக்டோபர் டி-ஷர்ட் கதை

ஓப்பன் சோர்ஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஹாக்டோபர்ஃபெஸ்ட். 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கிறது. முன்பெல்லாம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பினால் இலவச டி-ஷர்ட் வீட்டுக்கு வரும். 2020-ல் என்ன ஆச்சு தெரியுமா? ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்து, ஒரு புள்ளியையும் ஒரு வார்த்தையையும் மாற்றி அனுப்பியவர்களால் உலகம் முழுக்க மென்பொருள் பராமரிப்பாளர்களின் இன்பாக்ஸ் நிரம்பியது. கடைசியில், விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் திருத்தம் அனுப்பலாம் என்று அந்த மாதமே விதியை மாற்றினார்கள். இந்திய மாணவர்கள் பெயர் அதில் ரொம்பவே அடிபட்டது. பழகிப் பார்க்க இது நல்ல மாதம்தான், ஆனால் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தையும் அந்தப் பக்கம் ஒரு ஆள் படிக்கிறார்.

ஹேக்கத்தானுக்கு நேரடியாகப் பதிய முடியுமா?

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு முடியாது. 2017 முதல் மத்திய அரசு நடத்தும் இந்தப் போட்டியில் கல்லூரி வழியாக மட்டுமே நுழைய முடியும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் பதிவாகியிருக்க வேண்டும். அவர் முதலில் கல்லூரிக்குள் ஒரு ஹேக்கத்தான் நடத்தி, தேர்வான அணிகளை மேலே அனுப்புவார். அந்த ஆசிரியர் யார் என்றே தெரியாத கல்லூரியில் எவ்வளவு திறமையான அணி இருந்தாலும் கதவு திறக்காது.

அணியில் ஆறு பேர், ஆறு பேரும் ஒரே கல்லூரி, குறைந்தது ஒருவர் பெண். அமைச்சகங்களும் அரசுத் துறைகளும் தரும் பிரச்சினைகளின் பட்டியல் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். கல்லூரிச் சுற்று அதையொட்டியே நடக்கும். கடந்த சில ஆண்டுகளாக இறுதிச் சுற்று டிசம்பரில் நடந்துவருகிறது. மென்பொருள் பிரிவுக்கு 36 மணி நேரம். ஜூலையில் காலேஜ் திறந்ததும் ஆளைச் சேர்க்கத் தொடங்கினால் சரியாக இருக்கும். ஆறு பேரும் கோட் எழுதுகிறவர்களாக இருக்கத் தேவையில்லை. பிரச்சினையைப் புரிந்துகொண்டு, நடுவர் முன்னால் தெளிவாகப் பேசத் தெரிந்த ஒருவர் இல்லாததால் தோற்கும் அணிகள் உண்டு.

ஐசிபிசி வேறு மாதிரி. மூன்று பேர், ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம், கணக்குகள் மட்டும். 1970-ல் டெக்சஸில் தொடங்கிய போட்டி இது. இந்தியாவில் முதலில் ஆன்லைன் சுற்று, பிறகு அமிர்தபுரி, சென்னை, கான்பூர் போன்ற இடங்களில் ரீஜினல் சுற்று. இதற்கு ஒரு வார, ஒரு மாதத் தயாரிப்பெல்லாம் போதாது. கோட்செஃப் தளம் புதன்கிழமை இரவு 8 மணிக்கு நடத்தும் போட்டியில் மூன்று பேரும் ஒரு வருடம் விடாமல் உட்கார்ந்தால் ஆன்லைன் சுற்றைத் தாண்டப் பார்க்கலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'மாணவர்கள் கலந்துகொள்ள வேண்டிய 10 போட்டிகள்' என்று சுற்றிவரும் பழைய வீடியோக்களில் கூகுள் கோட் ஜாம், கிக் ஸ்டார்ட் இரண்டும் இன்னமும் இருக்கும். இரண்டையும் கூகுள் 2023-ல் நிறுத்திவிட்டது.

ஊருக்குப் பக்கத்தில் என்ன இருக்கு?

புதுச்சேரியிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. பெரிய ஐடி கம்பெனி எதுவும் இல்லாத அந்த ஊரில், 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் டெபியன் இயங்குதளத்துக்கான மினி மாநாடு நடந்தது. அரசின் பொறியியல் கல்லூரி வளாகத்தில், இந்தக் குழுவின் முயற்சியில். புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம் செயல்படுகிறது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள் என்பதால், அதையொட்டி இந்த வகைக் குழுக்களின் நிகழ்ச்சிகள் அதிகம் நடக்கும். இங்கே போனால் சர்ட்டிபிகேட் கிடைக்காமல் போகலாம். ஆனால் கூகுள் சம்மர் ஆஃப் கோட் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து 'இது தேறாது, மாத்தி எழுது' என்று தமிழிலேயே சொல்ல ஒரு சீனியர் கிடைக்கலாம். ஆன்லைனில் கிடைக்காதது அதுதான்.

இன்னொரு இடம், கடற்கரைக்குப் பக்கத்திலேயே, செயின்ட் லூயி வீதியில். 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். சமஸ்கிருதமும் வரலாறும் படிப்பவர்களுக்கான இடம் என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் கடந்து போய்விடுவார்கள். புதுச்சேரியின் சைவ ஓலைச்சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றில் பெரும் பகுதி இந்த நிறுவனத்தில்தான் இருக்கிறது. ஓலையில் உள்ள கிரந்த எழுத்தைக் கம்ப்யூட்டர் தானாகப் படிக்க வைப்பது இன்னும் முழுதாகத் தீராத பிரச்சினை. ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு போடும் சிஸ்டத்தையே எத்தனை பேட்ச் திரும்பத் திரும்பச் செய்யும்? தமிழ்க் கணிமையில் இப்படி ஒரு வேலை செய்தால் அதைக் கட்டுரையாக அனுப்பவும் இடம் உண்டு. உத்தமம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000-லிருந்து தமிழ் இணைய மாநாடுகளை நடத்திவருகிறது.

காசு கேட்டால்?

2018-ல் ஏஐசிடிஇ வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் படிப்பில் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் எல்லாருக்கும் கொடுக்க நிறுவனங்களில் அவ்வளவு இடம் இல்லை. இந்த இடைவெளியில்தான் ஏப்ரல், மே மாதத்து விற்பனை நடக்கிறது. இன்டர்வியூ கிடையாது, விண்ணப்பித்த அன்றே 'ஆஃபர் லெட்டர்'. கால்குலேட்டர், டு-டூ லிஸ்ட் மாதிரி மூன்று டாஸ்க். முடித்ததும் சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு கட்டணம். வழிகாட்டி என்று ஒருவர் இருந்தாரா என்றால் வாட்ஸ்அப் குரூப் அட்மின் மட்டும் இருந்திருப்பார்.

வேலை வாங்குகிறவர் பணம் தர வேண்டும், குறைந்தபட்சம் கேட்கக் கூடாது. இந்த ஒரு அளவுகோலில் பாதி போலிகளை வடிகட்டிவிடலாம். படிப்புக்கான தேர்வுக் கட்டணம் வேறு. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பார்க்க, கேட்க ஒரு பைசா வேண்டாம். நேரில் எழுதும் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும் இந்தப் பாடங்களின் கிரெடிட்டைக் கல்லூரி ஏற்றால் செமஸ்டர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் முடியும். இன்டர்ன்ஷிப் கிடைக்காத கோடையில், காசு கொடுத்து வாங்கும் காகிதத்தைவிட ஒழுங்காக முடித்த ஒரு என்பிடெல் பாடம் ரெஸ்யூமில் மரியாதையாக இருக்கும்.

மேலே படிக்க நினைத்தால்?

கேட் தேர்வு பிப்ரவரியில். பதிவு முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். 2024 முதல் டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுக்கென்று தனித் தாளும் உண்டு. தேர்வு மையம் புதுச்சேரியிலேயே இருப்பதால் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்சிஏ, எம்.எஸ்சி. சேர க்யூட் பிஜி எழுத வேண்டும். ஊரிலேயே இருக்கும் பல்கலைக்கழகம்தானே, ரிசல்ட் வந்ததும் ஜூனில் போய் விண்ணப்பம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஃபைனல் இயர் மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த நுழைவுத் தேர்வு மார்ச்சில் நடக்கும். அதற்கான பதிவு அதற்கு முன்பே, ஐந்தாவது செமஸ்டர் முடிந்த கையோடு மூடிவிடும்.