ஃபால்ஸ் சீலிங் பலகை மாட்ட ஒரு மரத் தாங்கி

கடைக்குக் குளிர்சாதனம் வைப்பது என்று முடிவானதும் அடுத்து வருவது ஃபால்ஸ் சீலிங் வேலை. பகலில் வியாபாரம் கெடக் கூடாது என்று நம்மில் பலர் இரவில் ஷட்டரை இறக்கிவிட்டு, இரண்டே ஆட்களை வைத்து முடிக்கச் சொல்கிறோம். பலகை நழுவுவதும் தொழிலாளியின் கழுத்து பிடித்துக்கொள்வதும் இந்த அவசரத்தில்தான்.

6 அடி நீளம், 4 அடி அகலம், 12.5 மி.மீ. கனமுள்ள ஜிப்சம் போர்டு ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். மண்டிக்காரர்களுக்கு இது ஒரு எடையா என்று தோன்றும். ஆனால் ஸ்டூலில் நின்று, இரு கைகளாலும் தலையாலும் அதை ஏந்திக்கொண்டே திருகாணி முடுக்குவதற்கு மூன்றாவது கை வேண்டுமே! அந்தக் கையை இரண்டு ரீப்பர் கட்டைகளைக் கொண்டு நாமே செய்துகொள்ளலாம்.

2 அங்குலச் சதுர ரீப்பர் ஒன்றை நிமிர்த்தி, அதன் தலையில் மூன்றரை அடிக் குறுக்குக் கட்டையை 'டி' எழுத்துப் போல அறைய வேண்டும். இருபுறமும் சாய்வாக முட்டுக் கட்டை கொடுக்காவிட்டால் தலை ஆடும். பலகையின் காகித முகம் கீறாமலிருக்க மேலே சாக்குத் துணி; மொசைக், டைல்ஸ் தரையில் வழுக்காமலிருக்கக் காலடியில் பழைய டயர்த் துண்டு. ஒரு பலகைக்கு இரண்டு தாங்கிகள் தேவை.

சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது. தரையிலிருந்து சட்டகம் 9 அடி என்றால், பலகையின் கனம் அரை அங்குலம் போக மீதம் 8 அடி பதினொன்றரை அங்குலம். தாங்கி, சாக்கையும் சேர்த்து, அதைவிடக் கால் அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது அது நேராக நிற்காது. கால் சுமார் 7 அங்குலம் தள்ளிச் சாய்ந்து நிற்கும். காலை மெல்ல உள்ளே தட்டினால் பலகை இறுகும்.

அமெரிக்காவில் மர உத்தரத்தில் நேரே அறைவதால் ஓங்கித் தட்டினாலும் பாதகமில்லை. நம் ஊரில் ஜி.ஐ. சட்டகம் மெல்லிய தகட்டுப் பட்டைகளில் தொங்குகிறது. பலமாகத் தட்டினால் பலகையோடு சட்டகமும் மேலே எழும்பி, திருகிய பின் கூரை அலை அலையாகத் தெரியும். விளக்குப் போட்ட பிறகுதான் இது கண்ணில் படும். அப்போது பிரிப்பதும் சிரமம். ஆகவே மட்டத்திற்கு நூல் கட்டி வைத்துக்கொண்டு, நூலைப் பலகை தொடுமுன் நிறுத்திவிடச் சொல்ல வேண்டும்.

திருகாணிகள் 230 மி.மீ. இடைவெளியில் வரவேண்டும். ஓரத்திலும் நடுவிலுமாகப் பத்தாவது ஏறும்வரை தாங்கியை எடுக்கலாகாது. எடுக்கும்போதும் ஒருவர் பலகையைப் பிடித்திருப்பது நல்லது.

ஜிப்சம் போர்டு விற்கும் ஹார்டுவேர் அன்பர்கள் இப்படி ஒரு ஜோடியைக் கடையில் வைத்திருந்து, வாடிக்கையாளருக்கு இரவலாகக் கொடுக்கலாம். கால் கட்டையைச் சற்று நீளமாகவே விட்டு வைத்தால், அவரவர் உயரத்திற்கு அறுத்துக்கொள்வார்கள். கட்டையின் விலை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.