உஷார்! ஆறு மாதத்தில் யாரும் சேஃப்டி ஆபீசர் ஆகிவிட முடியாது

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஆரம்பித்துவிடுகிறார்கள். தா.பழூர் பக்கத்துச் சுவர்களிலும் வாட்ஸ்அப் குரூப்களிலும் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பையன் சிரிக்கிறான். 'ஃபயர் அண்ட் சேஃப்டி. ஆறே மாதம். பத்தாவது பாஸ், ஃபெயில் எதுவானாலும் சரி. வேலை நிச்சயம், வெளிநாட்டுக்கும் போகலாம்.' நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த வேலைமேல் நம் பிள்ளைகளுக்கு ஆசை வருவது நியாயம்தான். ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று நம் மாவட்டம் முழுக்கச் சிமெண்ட் ஆலைகள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் முதல் அட்டவணையில், ஆபத்தான செயல்முறை கொண்ட தொழில்களின் வரிசையில் சிமெண்டும் இருந்தது. ஆள் தேவை என்பது பொய்யில்லை. யார் தேவை என்பதில்தான் ஏமாற்று.

அந்தச் சட்டத்தின் 40பி பிரிவு, ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையிலும் அரசு அறிவிக்கும் ஆபத்தான ஆலையிலும் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டது. தகுதியை விதிகள் பட்டியலிடுகின்றன: இன்ஜினியரிங் பட்டமும் ஆலையில் மேற்பார்வை நிலையில் 2 வருட அனுபவமும், அல்லது இன்ஜினியரிங் டிப்ளமோவோ இயற்பியல், வேதியியல் பட்டமோ இருந்து 5 வருட அனுபவம். இதற்கு மேல், மாநில அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். தொழிலாளர்கள் பேசும் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாவது ஃபெயில் ஆனவர் இதில் எந்த வாசல் வழியாக நுழைவார்?

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆயிரம் என்ற வரம்பு 500 ஆகிவிட்டது. ஆபத்தான ஆலைக்கு 250. இனி இதையும் போஸ்டரில் போடுவார்கள், 'புதிய சட்டம், லட்சம் வேலை' என்று. அந்தத் தொகுப்பும் விதிப்படி தகுதி உள்ளவரைத்தான் கேட்கிறது.

அப்படியானால் ஆறு மாதச் சான்றிதழோடு போகிறவருக்கு என்ன கிடைக்கிறது? சூளையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் சமயத்தில் கான்ட்ராக்டர் சில வாரத்துக்குக் கூப்பிடுவார். 'சேஃப்டி ஸ்டூவர்ட்' என்று ஜாக்கெட் மாட்டி, யார் ஹெல்மெட் போடவில்லை, யார் பெல்ட் மாட்டவில்லை என்று பார்க்க நிற்க வைப்பார். ஷட்டவுன் முடிந்தால் வேலையும் முடிந்தது. அதுவும் உழைப்புதான், கேவலமில்லை. ஆனால் ஆபீசர் வேலை என்று சொல்லி ஃபீஸ் வாங்கினார்களே?

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை வாங்கித் தருகிறோம் என்றால் இன்னும் உஷார். சுரங்கப் பாதுகாப்புக்குத் தனி இயக்ககம் உண்டு. ஃபோர்மேன், மேட், பிளாஸ்டர் சான்றிதழ்களை அந்த இயக்ககத்திடமிருந்துதான் வாங்க முடியும்.

பண நஷ்டத்தைவிட எனக்குப் பயமாக இருப்பது கையெழுத்து. ப்ரீஹீட்டர் சைக்ளோனில் அடைப்பு எடுக்கும்போது கொதிக்கும் தூள் ஒரே நொடியில் ஆள்மேல் சரியும். கிளிங்கர் தொட்டிக்குள் ஆளை இறக்கும்முன் காற்றைச் சோதிக்க வேண்டும். இந்த வேலைகளுக்கெல்லாம், சோதித்தாயிற்று, இறங்கலாம் என்று கையெழுத்திட்டுத் தரும் ஒர்க் பெர்மிட் உண்டு. வாயு அளவிடும் கருவியைக் கையில் தொட்டே பார்க்காத இருபது வயசுப் பையனிடம், 'ஒரு கையெழுத்துப் போடு தம்பி, நேரமாகுது' என்று நீட்டினால் அவன் போட்டுவிடுவான். உள்ளே இறங்கியவருக்கு ஏதாவது ஆனால் போலீஸ் முதலில் அந்தத் தாளைத்தான் எடுக்கும். புரியாத பெர்மிட்டில் கையெழுத்துப் போடாதே என்று வேலைக்குப் போகும் பிள்ளையிடம் இன்றே சொல்லுங்கள். வேலை போனாலும் போகட்டும்.

வெளிநாட்டு ஆசை காட்டுகிறவர்கள் நெபோஷ், ஓஷா என்று பெயர்களை அடுக்குவார்கள். நெபோஷ் உண்மையான பிரிட்டிஷ் தேர்வுதான், வளைகுடாவில் மதிப்பும் உண்டு. ஆனால் நம் சட்டம் கேட்கும் டிப்ளமோவுக்கு அது ஈடாகாது. போலிச் சான்றிதழும் புழங்குகிறது. அசலா என்று நெபோஷ் அமைப்பிடமே சரிபார்க்கலாம். ஓஷா 30 மணி நேர அட்டையைத் தகுதிச் சான்றாகக் கொள்ள முடியாது என்று அமெரிக்க அரசே சொல்கிறது. சிங்கப்பூரில் பாதுகாப்பு அதிகாரி ஆக அங்குள்ள மனிதவள அமைச்சகத்தில் பதிவு வேண்டும். திருச்சி ஏஜென்ட் அதைத் தர முடியாது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரான வழி நீளமானது. டிப்ளமோவோ பட்டமோ படித்து, ஆலையில் சில வருடம் உற்பத்தியிலோ பராமரிப்பிலோ வியர்வை சிந்திவிட்டு, பிறகு பாதுகாப்புப் படிப்புக்குப் போக வேண்டும். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அதை நடத்துகிறது. வேறு இடம் சொன்னால், 'இந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறீர்களா' என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாயில் ஒரு மனுப் போடுங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பாதியில் வெளியேற நினைக்கிறவரை மடக்க அதைத்தான் பிடித்து வைப்பார்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? ரசீதையும் அந்தப் போஸ்டரின் போட்டோவையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருடம்தான் கெடு.