கோச்சுக்குப் பொன்னாடை போதுமா?

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் சென்னையின் மேற்குப் புறநகரில் விளையாட்டு விழாக்கள் களைகட்டிவிடும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் ஆண்டு முழுக்க வென்ற பதக்கங்களை ஒரே மாலையில் மேடையேற்றுகின்றன. உடற்கல்வி இயக்குநர் ஆண்டறிக்கை வாசிப்பார். தென்மண்டலத்தில் தங்கம், அகில இந்திய இன்டர்-யுனிவர்சிட்டியில் வெள்ளி என்று பட்டியல் நீளும். மாணவர்களுக்குக் கேடயமும் ரொக்கமும் கட்டணச் சலுகையும் கிடைக்கும். பிறகு பயிற்சியாளர்களை மொத்தமாக அழைப்பார்கள். ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, வரிசையாக நின்று ஒரு புகைப்படம். இப்படி ஒரு விழா கட்டாயம் வேண்டும். மதிப்பெண்ணை மட்டுமே கொண்டாடும் கல்விச் சூழலில், காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வரும் பிள்ளைக்கு ஊரறியக் கைத்தட்டல் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பிள்ளையை உருவாக்கியவர் அடுத்த ஜூனில் அதே மைதானத்தில் இருப்பாரா என்பதற்கு விழா மேடையில் விடை கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரி விளையாட்டை இன்று அரிக்கும் முதல் கவலை அதுதான். பயிற்சியாளரை மதிப்பதாகச் சொல்லும் நிறுவனம் முதலில் தர வேண்டியது பணி உறுதி. பொன்னாடை அதற்குப் பிறகுதான்.

பயிற்சியாளரைக் கடைசியில் நினைப்பது இந்த வட்டாரத்தில் தொடங்கிய பழக்கமில்லை. விளையாட்டு வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961இல் வந்தது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருதுக்கு 1985 வரை, அதாவது 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் ஆண்டில் விருது பெற்றவர்களில் ஒருவர், பி.டி. உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார். 1970களின் பிற்பகுதியில் கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் சிறுமியாக இருந்த உஷாவை அவர் கையிலெடுத்தார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் உஷா வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரே பயிற்சியாளரின் பல ஆண்டு உழைப்பு இருந்தது. பரிசுத் தொகையிலும் இதே வரிசைதான். 2020இல் தேசிய விருதுகளின் தொகையை உயர்த்தியபோது அர்ஜுனா 5 லட்சத்திலிருந்து 15 லட்சமானது. 5 லட்சமாக இருந்த துரோணாச்சார்யாவின் வழக்கமான பிரிவு 10 லட்சத்தில் நின்றுவிட்டது. வாழ்நாள் பங்களிப்புப் பிரிவுக்கு மட்டும் 15 லட்சம். தொகை கூடியதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சமமாக இருந்த இருவருக்கிடையே புதிதாக ஓர் இடைவெளி விழுந்ததையும் கவனிக்காமல் விட முடியாது.

முகப்பேரும் பாடியும் சொல்லும் பாடம்

ஒரு பயிற்சியாளர் ஆண்டுக்கணக்கில் உடனிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவும் அக்கா வைஷாலியும் பாடியில் வளர்ந்தவர்கள். இருவரையும் செதுக்கிய ஆர்.பி. ரமேஷ், தானே கிராண்ட்மாஸ்டராக இருந்தும் 2008இல் வேலையை விட்டு முழுநேரப் பயிற்சியாளரானார். 2023ஆம் ஆண்டுக்கான துரோணாச்சார்யா விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டின் அர்ஜுனா பட்டியலில் வைஷாலி இருந்தார். குகேஷ் 2013இல் முகப்பேர் வட்டாரத்தில் பள்ளிச் சிறுவனாகக் காய் நகர்த்தக் கற்றார். 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டரானார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியனானார். தொடக்கத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே பதினொரு ஆண்டுகள். ஆண்டுக்கொரு பயிற்சியாளர் மாறியிருந்தால், ஒவ்வொருவரும் முதலிலிருந்து அந்தப் பையனைப் புரிந்துகொள்ளவே காலம் போயிருக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். சதுரங்கப் பயிற்சியாளர் மாணவரின் கட்டணத்தை நம்பி வாழ முடியும். ஒரு பலகையும் இணைய இணைப்பும் இருந்தால் வெளிநாட்டு மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். கபடிக்கும் கைப்பந்துக்கும் தடகளத்துக்கும் அந்த வசதி இல்லை. அங்கே மைதானம் வேண்டும், முழு அணி வேண்டும். வருகிற பிள்ளைகளில் பலர் பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத வீடுகளிலிருந்து வருகிறார்கள். பட்டாபிராமிலும் திருநின்றவூரிலும் ரயிலேறி வரும் மாணவியிடம் மாதம் சில ஆயிரம் கேட்கும் கபடிப் பயிற்சியாளருக்கு அணியே மிஞ்சாது. இந்த விளையாட்டுகளின் கோச்சுக்குச் சம்பளம் தர நிறுவனத்தை விட்டால் வேறு வழியில்லை. நிறுவனம் கைவிட்டால் விளையாட்டும் கைவிடப்படும்.

ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் அந்தச் சுமையை வேறு தோள்களும் தாங்கின. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்திலேயே பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் சிறப்புக் காவல் படைப் பிரிவுகள். ரயில்வேயும் காவல்துறையும் பொதுத்துறையும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்தன. ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றவர், மாதச் சம்பளம் கையில் இருந்ததால் மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பயிற்சி கொடுக்க முடிந்தது. நிரந்தர வேலைகள் சுருங்கியபோது வீரருக்கான வாய்ப்போடு வருங்காலப் பயிற்சியாளரின் வயிற்றுப்பாடும் சுருங்கியது. அந்த இடத்தைக் கல்வி நிறுவனங்கள் நிரப்பியிருக்க வேண்டும். மைதானம் அமைத்தார்கள், உள்விளையாட்டு அரங்கம் கட்டினார்கள். அதில் நின்று சொல்லிக்கொடுப்பவரின் வாழ்க்கைக்குத்தான் உறுதி தரவில்லை.

விதியில் இடமில்லாத வேலை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைகளைப் புரட்டிப் பாருங்கள். உடற்கல்வி இயக்குநருக்குத் தகுதி, ஊதியப் படிநிலை, பதவி உயர்வு எல்லாம் விரிவாக இருக்கின்றன. முப்பது வயதுக்குட்பட்ட ஆண் விண்ணப்பதாரர் 12 நிமிடத்தில் 1,800 மீட்டரும், பெண் விண்ணப்பதாரர் 8 நிமிடத்தில் 1,000 மீட்டரும் கடக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் கைப்பந்துக் கோச், தடகளக் கோச் என்று தனித்தனி விளையாட்டின் பயிற்சியாளருக்கு அப்படியொரு படிநிலை அதில் இல்லை. விதியில் இடமில்லாதவர் நடைமுறையில் தொகுப்பூதியக்காரர் ஆகிறார். ஆண்டு ஒப்பந்தம், விடுமுறைக் காலத்தில் நிச்சயமின்மை, புதுப்பிப்பது நிர்வாகத்தின் விருப்பம். இயக்குநர் ஒருவரே எல்லா விளையாட்டையும் கவனித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். போட்டி நடத்துவது, மாணவர்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வருகைப்பதிவு வாங்கித் தருவது, சான்றிதழ் சரிபார்ப்பது, பயணப்படிக் கணக்கு முடிப்பது என்று அவருக்கே வேலை நிறைந்து கிடக்கிறது. ஈட்டி எறிபவரின் தோள்பட்டையையும் கபடி ரெய்டரின் கால் நகர்வையும் ஒருவரே திருத்த முடியாது.

பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லை என்ற சாக்கும் நமக்குப் பொருந்தாது. இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கினார். பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961இல்தான் வந்தது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. இத்தனை பழைய அடித்தளம் இருந்தும், பல்கலைக்கழக விளையாட்டுக்காக 1956-57 முதல் வழங்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையை அதிக முறை கொண்டு சென்றது அமிர்தசரஸின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம். நம்மிடம் படித்து வெளியே வரும் பயிற்சியாளர்கள் உண்டு. அவர்கள் ஊன்றி நிற்க வேலைதான் இல்லை.

இதன் விளைவு பயிற்சியாளரின் வீட்டோடு நிற்பதில்லை. இந்த ஆண்டுப் பதக்கத்தை வைத்துத்தான் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் என்றால், எந்தக் கோச்சும் மூன்று ஆண்டு கழித்துப் பலன் தரும் முதலாண்டு மாணவரிடம் நேரம் செலவிட மாட்டார். வேறு எங்கோ தயாரான வீரரை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் முழுக் கட்டணச் சலுகையோடு அழைத்து வருவதே அவருக்குப் பாதுகாப்பான வழி. அந்த வீரரை எட்டாம் வகுப்பில் கண்டெடுத்தவர் ஓர் அரசுப் பள்ளியின் பி.டி. மாஸ்டராக இருப்பார். விருது இரவில் அவர் பெயர் ஒலிக்காது. உள்ளூரிலிருந்து சாதாரணமாகச் சேர்ந்த மாணவர் பார்வையாளராகவே நான்கு ஆண்டுகளை முடிப்பார். இதைவிட ஆபத்தானது காயம். முழங்கால் வீங்கிய மாணவியை ஆறு வாரம் உட்கார வைக்கும் துணிவு, அடுத்த மாதமும் தனக்கு வேலை உண்டு என்று தெரிந்த பயிற்சியாளருக்குத்தான் எளிதாக வரும். தோற்றால் வேலை போகும் என்ற அச்சத்தில் இருப்பவரிடம் பிள்ளையின் உடம்பை ஒப்படைக்கிறோம் என்பதைப் பெற்றோரும் உணர வேண்டும்.

பெண் பயிற்சியாளர்கள் நிலை இன்னும் கடினம். மாணவியர் அணியோடு நாள்கணக்கில் ரயிலில் போய், அறிமுகமற்ற ஊரில் தங்கி, போட்டி முடித்து வர ஒரு பெண் கோச் உடனிருப்பது எத்தனை வீடுகளில் ‘போய் வா’ என்ற சம்மதத்தை வாங்கித் தருகிறது! ஆனால் திருமணம், பிரசவம் என்று ஓராண்டு இடைவெளி வந்தால் புதுப்பிக்கப்படாமல் போகக்கூடிய வேலையில் ஒரு பெண் எப்படி நீடிப்பார்? மாணவியரை விளையாட்டுக்கு அழைக்கும் நிறுவனம் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

மறுப்புகளும் விடைகளும்

விழா மாணவர்களுக்கானது, வியர்வை சிந்தியவர்கள் அவர்கள்தான் என்பது முதல் மறுப்பு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. மாணவரின் பரிசில் ஒரு ரூபாயையும் குறைக்கச் சொல்லவில்லை. ஒன்றிய அரசின் ரொக்கப் பரிசுத் திட்டத்தில்கூட பதக்கம் வென்றவரின் பயிற்சியாளருக்குப் பங்கு உண்டு. அடித்தளத்தில் சொல்லிக்கொடுத்தவரையும் அது கணக்கில் சேர்க்கிறது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் விருதுகளில் பயிற்சியாளருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அரசுகள் ஏற்றுக்கொண்ட கொள்கையைத்தான் கல்லூரிகளிடம் கேட்கிறோம்.

நிரந்தரம் என்றாலே சோம்பல் வந்துவிடும், ஒப்பந்தம்தான் உழைக்க வைக்கும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயுளுக்கும் கேள்வி கேட்காத வேலை யாருக்கும் வேண்டாம். ஆனால் மதிப்பிடுவதற்கும் ஓர் உரிய காலம் வேண்டும். தென்னங்கன்று நட்டவரிடம் முதல் வருடமே காய் கேட்பது எப்படிச் சரியாகும்? ஒரு மாணவர் படிக்கும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளே பயிற்சியாளரை அளக்க இயல்பான காலம். அத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் கொடுங்கள். முடிவில், பதக்க எண்ணிக்கையோடு, சாதாரணமாகச் சேர்ந்த எத்தனை பேர் அணிக்குள் வந்தார்கள், காயமில்லாமல் எத்தனை பேர் விளையாடி முடித்தார்கள், பட்டம் எத்தனை பேர் பெற்றார்கள் என்றும் கேளுங்கள். அது உண்மையான பொறுப்புடைமை.

பணம் எங்கே என்பது மூன்றாவது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரிலேயே அதிகச் சம்பளம் பல்கலைக்கழகக் கால்பந்து அல்லது கூடைப்பந்துக் கோச்சுக்குத்தான். அந்த அளவுக்கு இங்கே யாரும் கேட்கவில்லை. உதவிப் பேராசிரியருக்கு நிகரான ஊதியமும் வருங்கால வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் போதும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர்கள் வென்ற விளையாட்டுப் பதக்கங்களுக்கும் கணக்கு உண்டு. அட்மிஷன் விளம்பரங்களிலும் பதக்கம் அணிந்த மாணவர்களின் முகங்கள் சிரிக்கின்றன. அந்தப் பதக்கத்தால் நிறுவனத்துக்கு மதிப்பும் மாணவர் சேர்க்கையும் கிடைக்கும்போது, அதை உருவாக்கியவரின் சம்பளத்தை மட்டும் வெட்டிச் செலவாக எண்ணுவது நியாயமாகாது.

ஆகவே அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கும் முன் ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் உள்ள நிர்வாகங்கள் மூன்று முடிவுகளை எடுக்கலாம். ஒன்று, ஒவ்வொரு முக்கிய விளையாட்டுக்கும் குறைந்தது மூன்றாண்டு ஒப்பந்தத்தில், எழுதப்பட்ட ஊதிய உயர்வோடு ஒரு பயிற்சியாளர். இரண்டு, பதக்கம் வாங்கும் ஒவ்வொரு மாணவரின் முதல் பயிற்சியாளருக்கும் அவரது பள்ளிக்கும் மேடையில் சமமான இடம். மூன்று, ஆண்டறிக்கையில் பதக்கப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எத்தனை பயிற்சியாளர்கள் எத்தனை ஆண்டாகப் பணியில் நீடிக்கிறார்கள் என்ற பட்டியல். மூன்றாவது முடிவுக்குச் செலவே கிடையாது, ஒரு பக்கம் அச்சிட்டால் போதும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் கட்டணம், விடுதி, மெஸ், பேருந்து என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். இனி இந்தப் பட்டியலையும் கேட்கட்டும். சேர்க்கை நேரத்தில் கேட்கப்படும் கேள்வியை எந்த நிர்வாகமும் அலட்சியம் செய்யாது.