கல்லும் ஏடும் காட்டும் குடிவழி

இறந்தோர்க்குக் கல் நாட்டிப் போற்றும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுக்கும் முறையினை வகுத்துரைக்கின்றது. ஆயினும், ஒரு குடும்பத்தின் வழிமுறையைத் தேடிச் செல்வோர்க்குக் கல் மட்டும் போதாது. ஏடும் உடன் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த இடங்களுள் ஒன்று, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம்.

ஆலயத்தின் தொன்மை

1678ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பெற்று, 1680 அக்டோபர் 28ஆம் நாள் அர்ப்பணிக்கப்பெற்ற இவ்வாலயம், இந்தியாவிலுள்ள ஆங்கிலத் திருச்சபைக் கோயில்களுள் மிகப் பழமையானது. பீரங்கிக் குண்டுகளைத் தாங்குமாறு தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்டது.

இடம்பெயர்ந்த கற்கள்

ஆலய முற்றத்தில் கல்லறைப் பலகைகள் தளவரிசையாகப் பாவப்பெற்றுள்ளன. ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் அமைந்த எழுத்துகளை அவற்றிற் காணலாம். அவற்றுள் மிகப் பழையது எலிசபெத் பேக்கர் என்னும் பெண்மணியின் கல். அதன் ஆண்டு 1652. ஆலயம் எழுவதற்கு இருபத்தெட்டு ஆண்டுகட்கு முற்பட்ட கல் ஆலய முற்றத்திற் கிடப்பது எங்ஙனம்?

விடை போர் வரலாற்றில் உள்ளது. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த நிலத்தில் இருந்தது. 1758–59இல் பிரெஞ்சுப் படையினர் கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயர்ந்த கல்லறைகள் அவர்கட்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயர் அவற்றை இடித்து, எழுத்துப் பலகைகளை மட்டும் ஆலய முற்றத்திற்குக் கொணர்ந்தனர். எனவே, கல் கிடக்குமிடமே உடல் கிடக்குமிடம் எனக் கொள்ளலாகாது. ஆய்வாளன் கற்கும் முதற் பாடம் இது.

ஏடு தரும் விளக்கம்

அன்று இடிபடாமல் தப்பிய கல்லறை ஒன்று உண்டு. ஜோசப் ஹின்மர்ஸ் என்பாரும் டேவிட் யேல் என்னும் சிறுவனும் அதனோடு தொடர்புடையோர். குடும்பப் பெயர்கள் இரண்டு, கல்லறை ஒன்று. இவர்களுக்குள் உறவென்ன என்பதைக் கல் விளக்கவில்லை. திருமண ஏடு விளக்குகின்றது. ஹின்மர்ஸ் 1680இல் இறந்தார். அவர்தம் கைம்பெண் கேத்தரின், அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் எலிகூ யேலை மணந்தார். ஆலயத்தில் நிகழ்ந்த முதல் திருமணம் அதுவே. பின்னாளில் ஆளுநராகி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிற்குத் தம் பெயர் வழங்கப்பெற்றவர் இந்த யேல். சிறுவன் டேவிட் அவ்விருவர்தம் மகன். தாயின் முதற் கணவர்க்கு எழுந்த கல்லறையோடு இரண்டாம் மணத்தின் மகனுடைய பெயரும் இணைந்தது இவ்வாறே.

கல் எழுப்பப் பொருள் வேண்டும். ஏட்டில் இடம்பெற அது வேண்டுவதில்லை. ஆளுநர்க்குக் கிடைத்த ஒரு வரி எளிய படைவீரனுக்கும் கிடைத்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூவகைப் பதிவுகளின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பெற்றன. 1698 முதலான அப்படிகள் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

தேடும் முறை

அறிந்த தலைமுறையினின்று அறியாத தலைமுறைக்குப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். ஒரு பெயரை ஓர் ஆவணத்தில் மட்டும் கண்டு உறவு கற்பித்தல் கூடாது. காலக் கணக்கிலும் கருத்து வேண்டும். 1752க்கு முன் ஆங்கிலேயர்க்கு ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே, ‘1690 ஜனவரி’ என அக்காலத்தார் எழுதியது நம் கணக்கில் 1691ஆகும்.

நம் கடமை

காலடி பட்டும் மழையில் நனைந்தும் எழுத்துகள் தேய்கின்றன. ஜே. ஜே. காட்டன் என்பார் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் திரட்டி 1905இல் நூலாக்கினார். பின்னர்ச் சிதைந்த கல்லுக்கும் அத்தகைய படியே சான்றாக நிற்கும்.

இம்முறை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. பள்ளிவாசல் அடக்கத்தலத்து மீஸான் கற்களையும் நிக்காஹ் பதிவேடுகளையும் இவ்வாறே ஒப்பிட்டுக் குடிவழி காணலாம். தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் பழைய கல்லெழுத்துகளை, நிலத்தில் அவை கிடக்கும் முறையோடு, பிழையின்றிப் படியெடுத்து வைத்தல் நன்று. எழுத்து அழியின் பெயரும் அழியும். பெயர் அழியின், நாளை தேடி வரும் பேரனுக்குக் காட்ட நம்மிடம் வெறுங்கல்லே எஞ்சும்.