மழையில்லா மாதங்களின் மறுபக்கம்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குத் திட்டமிடுவோர் முதலில் விசாரிப்பது அந்த நாட்டின் மழைக்காலத்தைத்தான். இந்தோனேசியா என்றால் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையே செல்லுங்கள், கோஸ்டாரிகா என்றால் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே செல்லுங்கள் என்று பயண வழிகாட்டிகள் ஒரே குரலில் கூறுகின்றன. எரிமலைகள் நிறைந்த அந்த வெப்பமண்டல நாடுகளைப் பொருத்தவரை இந்த அறிவுரையில் நியாயம் உண்டு. மழைக்காலத்தில் எரிமலைச் சரிவுகளின் பாதைகள் வழுக்கும், மண் சரியும், மேகமூட்டத்தில் சிகரம் கண்ணுக்குத் தெரியாது. இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலுள்ள ரிஞ்சானி எரிமலையின் பாதைகள் மழை மிகுந்த மாதங்களில் மூடப்பட்டு, வறண்ட பருவம் தொடங்கும்போது திறக்கப்படுகின்றன.

வறண்ட பருவமே பயணத்துக்கு உகந்த பருவம் என்ற இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு, நம்மவர்கள் அதை அப்படியே மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் பொருத்திப் பார்க்கின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் வசிப்பவன் என்பதால், ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் என் பழைய மாணவர்களிடமிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. "மழை இல்லை, கோடை வெயிலும் இன்னும் ஏறவில்லை. இந்த வாரக் கடைசியில் குரங்கணி வழியாக மலையேறலாமா, ஐயா?" என்று கேட்கின்றனர். வேண்டாம் என்று நான் கூறினால் வியப்படைகின்றனர். அவர்கள் கையிலிருக்கும் வானிலை அறிக்கை பொய்யில்லை. மழை வராது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

தேனி மாவட்டத்தின் நில அமைப்பே இங்கு வருவோரை ஏமாற்றக்கூடியது. தென்மேற்குப் பருவமழை மலையின் கேரளப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையின் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில் இருக்கும் நமக்கு ஆனி, ஆடியில் சாரலும் காற்றும்தான் பெரும்பாலும் மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. அது மார்கழியில் ஓய்ந்த பிறகு கோடைமழை தொடங்கும்வரை மலைச்சரிவுகள் காய்ந்துகொண்டே இருக்கின்றன. பள்ளத்தாக்கின் தரையோ அப்போதும் பச்சையாகவே தெரியும். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப்பில் இறங்கி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. தென்னையும் வாழையும் திராட்சைப் பந்தலும் அந்த நீரால் தழைத்தவை. பேருந்தின் சன்னல் வழியே இந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு வருபவர், மேலே உள்ள சரிவும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பே. கீழே இருப்பது அணை தந்த பசுமை. மேலே, மாசி மாதத்தில் ஆளுயரப் புல் சருகாகி நிற்கிறது.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் நடந்ததை இம்மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர், முப்பதுக்கும் மேற்பட்டோர், கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும்போது காட்டுத்தீயில் சிக்கினர். அவர்களில் பெண்களே மிகுதி. முதலில் ஓடிச் சென்று மீட்டவர்கள் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். பின்னர் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. சிலர் அந்த இடத்திலேயே மாண்டனர். பலர் மதுரையிலும் பிற ஊர்களிலும் மருத்துவமனைகளில் அடுத்தடுத்த நாள்களில் இறந்தனர். மொத்தம் 23 உயிர்கள். வனத்துறையின் அனுமதி குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் பாதைக்கு மட்டுமே உண்டு என்றும், இவர்கள் சென்ற பாதைக்கு இல்லை என்றும் பின்னர் தெரிவிக்கப்பட்டது.

டாப் ஸ்டேஷன் என்ற பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. மூணாறுப் பகுதியின் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலில் அங்கே வந்து, கயிற்றுவழி மூலம் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குச் சென்றது. 1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பேய்மழையின் வெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்துவிட்டது. அந்த மலையில் மழைக்காலமும் பாதுகாப்பானது அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ எப்படி நகர்கிறது என்பதை மலையேறச் செல்லும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சமதளத்தில் ஊர்ந்து செல்லும் தீ, சரிவில் மேல்நோக்கிப் பாய்கிறது. சுடர் சாய்ந்து மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதே இதற்குக் காரணம். சரிவு பத்துப் பாகை கூடும்போது தீ பரவும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது காட்டுத்தீ ஆய்வாளர்கள் கையாளும் எளிய கணக்கு. அதாவது, முப்பது பாகைச் சரிவில் எட்டு மடங்கு. எந்த மனிதராலும் அந்த வேகத்தில் மலையேற முடியாது. போதாக்குறைக்கு, பகல் வெயிலில் சரிவு சூடேறும்போது காற்றும் கீழிருந்து மேலே வீசத் தொடங்குகிறது. நண்பகலுக்குப் பிறகு அது வலுக்கிறது. குறுகிய ஓடைப்பள்ளங்கள் புகைபோக்கியைப்போலத் தீயை மேலே இழுக்கின்றன. அச்சத்தில் மனிதர் ஓடுவதோ பெரும்பாலும் மேல்நோக்கி, அல்லது பள்ளத்துக்குள். ஏற்கெனவே எரிந்து கருகிய தரையும், புல் முளைக்காத பாறைத் திட்டுமே அப்போது ஓரளவு பாதுகாப்பான இடங்கள். இதை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் உடன் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கைப்பேசிச் செயலியாலும் ஈடுசெய்ய முடியாது.

வறண்ட பருவத்தின் இந்த மறுபக்கம் எரிமலை நாடுகளுக்கும் உண்டு என்பதைப் பயண வழிகாட்டிகள் போதிய அளவு சொல்வதில்லை. 2015 அக்டோபரில், ஜாவா தீவின் லாவு மலையில் வறண்ட பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பரவிய தீயில் குறைந்தது ஏழு மலையேறிகள் உயிரிழந்தனர். 2023 செப்டம்பரில் புகழ்பெற்ற புரோமோ எரிமலைப் பகுதியில், திருமணத்துக்கு முந்தைய புகைப்படத்துக்காகக் கொளுத்திய வண்ணப்புகைக் குச்சியால் தீப்பிடித்துப் பல நூறு ஹெக்டேர் புல்வெளி எரிந்தது, பூங்காவே மூடப்பட்டது. இங்கும் அங்கும் காய்ந்த புல்லின் குணம் ஒன்றுதான்.

எரிமலைக்கோ பருவமே கிடையாது. அதற்கென இந்தோனேசிய அரசு நான்கு படிநிலை எச்சரிக்கை முறையை வைத்திருக்கிறது. சுமத்ராவின் மராபி எரிமலை 2023 டிசம்பரில் வெடித்தபோது, அது இரண்டாம் படிநிலையில் இருந்தது. எரிமலை வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் செல்ல வேண்டாம் என்று எரிமலைக் கண்காணிப்புத் துறை அறிவுறுத்தியிருந்தது. ஆயினும் மலையேற அனுமதிச்சீட்டு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 75 பேர் மலையில் இருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆக, எச்சரிக்கும் துறை ஒன்றாகவும் சீட்டு வழங்கும் துறை இன்னொன்றாகவும் இருக்கும் இடத்தில், இரண்டையும் கேட்டறிய வேண்டிய பொறுப்பு பயணியின் தலையில் விழுகிறது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இதில் இரு கருத்துகள் எனக்குத் தென்படுகின்றன. முதலாவது, தகவல் சமமின்மை. பழைய கார் விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது என்பதை வைத்து ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் எழுதிய கட்டுரை, பின்னாளில் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. மலைப்பயணச் சந்தையும் அப்படிப்பட்டதே. இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒருவரும் ஐயாயிரம் ரூபாய்க்கு இன்னொருவரும் ஒரே மலைக்கு அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்தால், குறைந்த விலையில் விடுபட்டிருப்பது உணவா, கூடாரமா, வழி தெரிந்த ஆளா, வனத்துறை அனுமதியா என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்க நம் இளைஞர்கள் கூச்சப்படுகின்றனர். திரைப்பட நுழைவுச்சீட்டுக்கு இருக்கை எண் கேட்பவர்கள், இதைக் கேட்கக் கூச்சப்படுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, மூழ்கிய செலவு. திரும்பக் கிடைக்காத செலவை இனி எடுக்கும் முடிவில் கணக்கிடக் கூடாது என்பது பாடநூல் விதி. மனித மனம் அதற்கு நேர்மாறாக நடக்கிறது. விடுப்பு எடுத்தாயிற்று, பேருந்துக்குப் பணம் கட்டியாயிற்று, இரவெல்லாம் பயணம் செய்து போடி வந்து சேர்ந்தாயிற்று. காலையில் எதிர்மலையில் புகை தெரிகிறது. அப்போது திரும்பிச் செல்வோம் என்று சொல்லக் குழுவில் எவருக்கும் துணிவு வருவதில்லை. எனவே, அந்த முடிவை மலையடிவாரத்தில் எடுப்பதற்கு விட்டுவைக்காமல், பணம் கட்டும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். புகை தெரிந்தாலோ, வனத்துறை வேண்டாம் என்றாலோ ஏறப் போவதில்லை என்று முன்கூட்டியே குழுவில் பேசி முடிவு செய்வதும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதும் வீண் செலவு ஆகாது. காப்பீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு, 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு, எளிது, நடுத்தரம், கடினம் என்ற தரப்பிரிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என அது முறையாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. தேனி மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. காட்டுத்தீக் காலத்தைக் கருதி, 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இப்பாதைகள் மூடப்பட்டன. ரிஞ்சானியை மழைக்கு மூடுகின்றனர். நாம் வெயிலுக்கு மூடுகிறோம். இந்த இரு மாத மூடலை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன்.

ஆனால், அதன் செலவை யார் ஏற்பது என்ற வினா எஞ்சுகிறது. சென்னையிலிருந்து வருபவருக்கு ஒரு வார விடுமுறை தள்ளிப்போகிறது, அவ்வளவே. மலையடிவாரத்து வழிகாட்டி இளைஞருக்கோ இரண்டு மாத வருமானம் நின்றுபோகிறது. அந்த நிலையில், அனுமதியில்லாத பாதையில் கூட்டிச் செல்லச் சொல்லி எவரேனும் பணம் நீட்டினால் மறுப்பது அவருக்கு எளிதன்று. விதி எங்கே முறியும் என்றால் இங்கேதான் முறியும். வனத்துறை கோடைதோறும் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டிச் சீர்செய்கிறது. தீக்காவலுக்குத் தற்காலிகப் பணியாளர்களையும் அமர்த்துகிறது. அந்தப் பணியை முதலில் இந்த வழிகாட்டிகளுக்கே வழங்கலாம். மற்ற பத்து மாதங்களின் மலையேற்றக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம். பாதையை நன்கறிந்தவர், அதே பாதையைக் காப்பதற்கும் கூலி பெறுவார். புகையை முதலில் காணும் கண்களும் அவருடையவையே.

அப்படியானால் எப்போது வரலாம் என்று என் மாணவர்கள் விடாமல் கேட்பதுண்டு. மழை ஓய்ந்து புல் இன்னும் காயாத மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் என் தேர்வு. ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்தநாள். பொங்கலும் அதையொட்டி வருவதால், லோயர் கேம்ப்பில் உள்ள அவரது மணிமண்டபத்தில் பள்ளத்தாக்கு மக்கள் பொங்கல் வைப்பதையும் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மின்னலும் மண்சரிவும் உண்டு என்பதால் வானிலை அறிவிப்பைப் பார்த்தே கிளம்ப வேண்டும்.

மார்ச்சிலோ ஏப்ரலிலோதான் விடுப்பு கிடைக்கும் என்போர் மலையை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கிலேயே தங்கலாம். பல பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அறுவடையாகும் திராட்சை, கம்பம் பகுதியில் ஏதேனும் ஒரு தோட்டத்தில் எப்போதும் பறிக்கப்படுகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையைப் பந்தலடியிலேயே வாங்கலாம். சித்திரையில் முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடக்கிறது. அந்த நாள்களில் தேனியில் தங்கும் அறை கிடைப்பது அரிது. அதை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.