‘அது’ இல்லை, ‘அவர்’

1986 ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் கோடை விடுமுறை முடியும் தறுவாய். அன்று வெளியான ஒரு கார்ட்டூன் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர், ஒன்றரை மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். படத்தின் பெயர் ‘தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி’. லாரியாகவும் காராகவும் விமானமாகவும் மாறும் ரோபோக்களின் கதை. இரண்டு வருடமாகப் பள்ளி விட்டு வந்ததும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த தொடரின் திரைப்பட வடிவம்.

படம் ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் கதாநாயகன் செத்துப்போனார். அரங்கில் பிள்ளைகள் விம்மி விம்மி அழுதார்கள். மீதிப் படம் வேண்டாமென்று வெளியே போனவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்தும் அழுகை ஓயவில்லை. கோபமான கடிதங்கள் அந்த ரோபோக்களைப் பொம்மைகளாக விற்ற கம்பெனியைத் தேடிப் போயின.

சினிமா ரசிகர்களின் கருத்து என்று நாம் பேசும்போது, பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அவர்களுக்கு விமர்சனம் எழுதத் தெரியாது. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று சொல்லத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த வரையில், ஒரு படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் சொன்ன கருத்துகளிலேயே மிகத் தெளிவானது, மிக நேர்மையானது, அந்தக் கோடையில் அந்தப் பிள்ளைகள் அழுத அழுகைதான்.

செத்தது யார்? ஆப்டிமஸ் ப்ரைம். சிவப்பு முகப்பும் நீலக் கால்களும் கொண்ட ஒரு ட்ரெய்லர் லாரி. ஆட்டோபாட் என்கிற நல்ல ரோபோக் கூட்டத்தின் தலைவர். இந்த உருவம் முதலில் கதையில் பிறக்கவில்லை, கடை அலமாரியில்தான் பிறந்தது. ஜப்பானின் டகாரா கம்பெனி ‘டயாகுளோன்’ என்ற பெயரில் உருமாறும் பொம்மைகளை விற்றுவந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கி, பெயரும் குணமும் கதையும் கொடுக்கும்படி மார்வெல் காமிக்ஸிடம் ஒப்படைத்தது. ஆப்டிமஸ் ப்ரைம் என்ற பெயரைச் சூட்டியவர் டென்னி ஓ’நீல். பெரும்பாலான மற்ற ரோபோக்களுக்குப் பெயர் வைத்தவர் பாப் புடியான்ஸ்கி. 1984 செப்டம்பரில் தொடர் ஒளிபரப்பானது. அதே வருடம்தான் டி.வி.யில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை அமெரிக்க அரசின் ஒளிபரப்பு ஆணையம் தளர்த்தியிருந்தது. இந்த மாதிரித் தொடர்கள் எல்லாம் அரை மணி நேர விளம்பரங்கள் என்று குழந்தைகள் தொலைக்காட்சிக்காகப் போராடிய பெகி சாரன் போன்றவர்கள் கொதித்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. விற்பதற்காகவே எடுக்கப்பட்ட தொடர்தான் அது.

அப்படியிருந்தும், அந்த விளம்பரத்துக்குள் ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கு முக்கியக் காரணம் ஒரு குரல். பீட்டர் கல்லன் என்ற கனடாக்காரர், குரல் தேர்வுக்குக் கிளம்பும்போது தன் அண்ணனிடம், ஹீரோவாக நடிக்கப் போகிறேன், ஆனால் ஹீரோ ஒரு டிரக் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் வியட்நாம் போரில் அடிபட்டுத் திரும்பிய மரைன் படை வீரர். ஹீரோ என்றால் சும்மா கத்திக்கொண்டு முரட்டுத்தனம் காட்டாதே, மென்மையாகப் பேசும் அளவுக்கு உள்ளே பலம் இருக்கிறவனாக நடி என்று அவர் சொன்னாராம். கல்லன் அந்த அண்ணனின் குரலையே மனதில் வைத்துப் பேசினார். இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக, பிள்ளைகள் கேட்டது ஒரு பொம்மையின் குரலை இல்லை. போரைப் பார்த்துவிட்டு வந்த ஒரு நல்ல மனிதரின் நிதானத்தை.

தமிழில் இலக்கணம் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கம்பெனியின் ஏட்டில் ஆப்டிமஸ் ப்ரைம் அஃறிணை. பிள்ளைகள் அவரை உயர்திணைக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனிக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது. பிரச்சினை முழுக்க அங்கேதான் தொடங்கியது.

படத்துக்குக் கம்பெனியிடமிருந்து வந்த உத்தரவு எளிமையானது. 1984-ல் வந்த பொம்மைகள் பழசாகிவிட்டன, புதிய வரிசை வருகிறது, பழையவர்களை ஒழித்துக்கட்டு. கதையை 2005-க்கு நகர்த்தி வைத்தார்கள். ஹாட் ராட், அல்ட்ரா மேக்னஸ், கப், ஆர்சி என்று புதிய முகங்கள். திரைக்கதை எழுதிய ரான் ஃப்ரீட்மன் எதிர்ப்புத் தெரிவித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆப்டிமஸை எடுப்பது குடும்பத்திலிருந்து அப்பாவை எடுப்பது போல, எப்படியும் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று அவர் எச்சரித்தாராம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு எழுத்தாளர் இத்தனை சரியாக ஆருடம் சொல்லி, இத்தனை முழுசாக உதாசீனப்படுத்தப்பட்டது அபூர்வம்.

தொடரில் யாரும் செத்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டே இருக்கும், குண்டு யார் மேலும் உருப்படியாகப் படாது. பட்டாலும் அடுத்த காட்சியில் ராட்செட் என்ற மருத்துவ ரோபோ சரி செய்துவிடும். படத்தில் அந்த ராட்செட்டே ஆரம்பத்தில் போய்விடுகிறது. ஆட்டோபாட்களின் விண்கலம் ஒன்றுக்குள் எதிரிகள் புகுந்து சுட, ப்ரவ்ல் வாயிலிருந்து புகை கக்கிக்கொண்டு சாய்கிறான். அயர்ன்ஹைட் தரையில் தவழ்ந்து வந்து எதிரிகளின் தலைவன் மெகட்ரானின் காலைப் பிடிக்கிறான், அவன் தலைக்கு நேராகத் துப்பாக்கி இறங்குகிறது. இவர்களுக்காக அழ ஒரு காட்சிகூட படத்தில் ஒதுக்கப்படவில்லை. ஆப்டிமஸின் மரணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இன்னும் ஆறாதது இந்த விண்கலக் காட்சிதான். இரண்டு வருடம் கூடவே வந்தவர்களை, ஸ்டாக் தீர்ந்தது என்று குறித்துக்கொள்வது போல முடித்துவிட்டார்கள்.

ஆப்டிமஸின் முடிவு அப்படி இல்லை. அந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்தேன். அப்போதுதான் வரைந்தவர்களின் வேலை தெரிந்தது. ஜப்பானின் டோயெய் ஸ்டுடியோ வரைந்த படம் இது, இயக்கியவர் கொரியாவில் பிறந்த நெல்சன் ஷின். மேசை மேல் ஆப்டிமஸ் கிடக்கிறார். சுற்றிலும் ஆட்டோபாட்கள், நடுவே டேனியல் என்கிற மனிதப் பையன். காயங்கள் உயிரைக் குடிக்கக்கூடியவை என்று பெர்செப்டர் தலைகுனிந்து சொல்கிறார். ஆப்டிமஸ் தன் மார்பைத் திறந்து உள்ளேயிருந்து ஒளிரும் ஒரு பொருளை எடுக்கிறார். தலைமுறை தலைமுறையாகத் தலைவர்கள் கைமாற்றிவரும் மேட்ரிக்ஸ் அது. அல்ட்ரா மேக்னஸிடம் நீட்டும்போது கை தளர்ந்து அது நழுவுகிறது. பக்கத்தில் நின்ற ஹாட் ராட் பிடிக்கிறான், அவன் கையில் ஒரு கணம் பளிச்சென்று ஒளிர்ந்து அடங்குகிறது. பிறகு கண்களின் நீல வெளிச்சம் மங்கி அணைகிறது. சிவப்பும் நீலமும் உடம்பிலிருந்து வடிந்து போகின்றன. சாம்பல் நிறம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகத் தலை ஒரு பக்கம் சாய்கிறது.

அந்த நிறம் வடிவதுதான் பிள்ளைகளைத் தாக்கியிருக்க வேண்டும். ஒரு பொம்மை உடைந்தால் கை கழலும், சக்கரம் கழலும். நிறம் போகாது. உயிர் போனால்தான் முகத்தில் நிறம் போகும். கணக்குப் பார்த்து எழுதப்பட்ட ஒரு உத்தரவை, அதை வரைந்தவர்களும் பேசியவர்களும் ஒரு சாவை எப்படி மதிக்க வேண்டுமோ அப்படி மதித்து நிறைவேற்றினார்கள். சந்தைக்காகச் செய்த கொலை என்று இந்தப் படத்தைத் திட்டுகிறவர்களுடன் நான் உடன்படுகிறேன். ஆனாலும் இந்தக் காட்சி நல்ல சினிமா. இரண்டும் உண்மையாக இருப்பதால்தான் காயம் இத்தனை ஆழமாக இறங்கியது.

பத்திரிகை விமர்சகர்கள் பெரும்பாலும் படத்தை ஒதுக்கித் தள்ளினார்கள். சத்தம், சண்டை, பொம்மை விளம்பரம் என்பதற்கு மேல் அவர்கள் அதில் எதையும் பார்க்கவில்லை. கிரகங்களை விழுங்கும் யூனிக்ரான் என்ற பிரமாண்ட ரோபோவுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். ‘சிட்டிசன் கேன்’ எடுத்த மேதை. 1985 அக்டோபர் 5-ல் ஒலிப்பதிவு முடித்தார், 10-ம் தேதி காலமானார். அவரே இந்த வேடத்தை, பெரிய பொம்மை ஒன்று சின்னப் பொம்மைகளைத் தாக்கும் கதை என்கிற மாதிரிதான் சொல்லியிருந்தார். வசூலும் இல்லை. சுமார் 60 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம், அமெரிக்க அரங்குகளில் 58 லட்சம் டாலரோடு நின்றது. விமர்சகர் தீர்ப்பும் கல்லாப்பெட்டியின் தீர்ப்பும் ஒன்றாக இருந்தன. அத்துடன் படம் மறக்கப்பட்டிருக்க வேண்டும்.

மறக்க விடாதவை அந்தக் கடிதங்கள். தொடரிலும் படத்திலும் பணியாற்றிய ஃபிளின்ட் டில், ஆப்டிமஸ் பிள்ளைகளுக்கு என்னவாக இருந்தார் என்பதே தங்களுக்குத் தெரியாமல் போனது என்று பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அறையைப் பூட்டிக்கொண்டு நாள்கணக்கில் வெளியே வராத பையனைப் பற்றியும் படக்குழுவினர் தரப்பில் பேசப்பட்டது.

விளைவு உடனே தெரிந்தது. அதே கம்பெனி அப்போது ‘ஜி.ஐ. ஜோ’ தொடரையும் படமாக எடுத்துக்கொண்டிருந்தது. அதிலும் தலைவன் ட்யூக் சாக வேண்டும் என்பதுதான் திட்டம். மார்பில் ஈட்டி பாய்ந்து விழும் காட்சியும் தயார். அவசர அவசரமாக வசனத்தை மாற்றினார்கள், ட்யூக் கோமாவில் இருக்கிறான் என்று யாரோ சொல்கிறார்கள். கடைசியில் கோமாவிலிருந்து மீண்டுவிட்டான் என்று ஒரு குரல் மட்டும் வருகிறது. படத்தைப் பார்த்தால் சாவும் ஒட்டுப்போட்ட வசனமும் பொருந்தாமல் தனித்தனியாகத் தெரியும். ஆப்டிமஸுக்காக அழுத பிள்ளைகள் வேறொருவனைக் காப்பாற்றியதன் தழும்பு அது.

பிரிட்டனில் ஓடிய பிரதியின் முடிவில், ஆப்டிமஸ் ப்ரைம் திரும்பி வருவார் என்று பிள்ளைகளுக்கு உறுதி சொல்லும் பின்னணிக் குரல் ஒன்றைச் சேர்த்தார்கள். அதன்படியே 1987 பிப்ரவரியில் டி.வி. தொடரின் இரண்டு பகுதிகளில் அவர் உயிரோடு எழுந்து வந்தார். அவர் பொம்மை விற்பனையும் அந்த முடிவில் கம்பெனிக்கு ஞாபகம் வந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் முதலில் அசைந்தது பிள்ளைகளின் துக்கம்தான்.

ஒருவனுக்கு மட்டும் அந்தப் பார்வையாளர்கள் நியாயம் செய்யவில்லை. ஆப்டிமஸ் மெகட்ரானை வீழ்த்தும் நேரத்தில் உதவப் போகிறேன் என்று ஹாட் ராட் குறுக்கே பாய்கிறான். மெகட்ரான் அவனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஆப்டிமஸைச் சுடுகிறான். அன்று தொடங்கிய வெறுப்பு நாற்பது வருடமாகியும் தீரவில்லை. இவனால்தான் செத்தார் என்று இன்றும் நடுவயதுக்காரர்கள் கோபம் குறையாமல் பேசுகிறார்கள். பெரியவர் ஆபத்தில் இருக்கும்போது சும்மா நிற்க மனம் வராத ஒரு இளைஞன் அவன், அவ்வளவுதான். பிறகு அவனே தலைவனாகி ரோடிமஸ் ப்ரைம் ஆனதும், தொடரில் அந்த நாற்காலியில் உட்கார முடியாமல் அவன் படும் பாடு தனிக் கதை. அப்பாவின் கடையை ஏற்று நடத்தும் மகனுக்கு, வருகிறவர்கள் எல்லாம் அப்பா இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பார்களே, அந்த அவஸ்தை. பிள்ளைகளுக்கு அது அப்போது புரிந்திருக்காது. அவர்கள் வளர்ந்து பார்க்கும்போது புரிகிறது.

வளர்ந்தவர்களின் கருத்து இன்று ஒரே மாதிரி இல்லை. இது எடுத்திருக்கவே கூடாத படம் என்பவர்கள் இருக்கிறார்கள். நல்லவர்களும் சாவார்கள் என்று தன்னிடம் முதலில் சொன்னது இந்தப் படம்தான், அதற்காகக் கடன்பட்டிருக்கிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்டான் புஷ் பாடிய ‘தி டச்’ பாடல் தொடங்கினாலே அழுகை முட்டுகிறது என்பவர்கள் இன்னொரு ரகம். ஆப்டிமஸ் எதிரிகளின் நடுவே லாரியாகப் பாய்ந்து, துள்ளி ரோபோவாக மாறும் காட்சிக்கு வரும் பாட்டு அது. சாவதற்குச் சில நிமிடம் முன்னால். 2018-ல் ஒரு நாள் மட்டும் அமெரிக்க அரங்குகளில் படத்தை மறுபடி திரையிட்டார்கள். 1986-ல் கல்லாப்பெட்டி நிராகரித்த படத்துக்கு 32 வருடம் கழித்து டிக்கெட் விற்றது.

இதில் வெகுகாலம் எதுவும் தெரியாமல் இருந்தவர் பீட்டர் கல்லன். மரணக் காட்சியின் வசனத்தைப் படித்ததும், சரி, நமக்கு வேலை போயிற்று என்றுதான் அவருக்குத் தோன்றியதாம். பிள்ளைகள் எழுதியது எதுவும் அவர் கைக்கு வரவில்லை. பல வருடம் கழித்து, வளர்ந்துவிட்ட ரசிகர்களை நேரில் சந்தித்தபோதுதான், தன் அண்ணனின் குரலில் பேசிய அந்த லாரி எத்தனை வீடுகளில் அப்பாவாக இருந்தது என்று அறிந்துகொண்டார்.

2007-ல் மைக்கேல் பே நிஜ நடிகர்களைக் கொண்டு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் எடுத்தபோது, ஆப்டிமஸுக்கு வேறு குரல் வேண்டவே வேண்டாம் என்று ரசிகர்கள் அடம்பிடித்தார்கள். கல்லன் மறுபடி குரல் தேர்வுக்குப் போய், வேடத்தைப் பெற்றார். 1986-ல் எட்டு வயதாக இருந்தவருக்கு அப்போது 29. அரங்கில் விளக்குகள் அணைந்தன. திரையில் முகம் எதுவும் வருவதற்கு முன்னால், கதை சொல்லத் தொடங்கியது அதே குரல்.