வெறும் பாக்குதானே என்று நினைக்க வேண்டாம்



புற்றுநோய் என்ற பெயரை நம் வீடுகளில் பலர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. ‘அந்த நோய்’ என்று குரலைத் தாழ்த்திக்கொள்வோம். யாருக்கு வரும், எப்போது வரும் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனாலும் புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்தத் தடுப்பில் பெரும்பகுதி நம் வீட்டிலேயே, காசு செலவில்லாமல் செய்யக்கூடியது.

எதை முதலில் விட வேண்டும் என்பதில்தான் குழப்பம். பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பயப்படுகிறோம், மைக்ரோவேவ் அடுப்புக்குப் பயப்படுகிறோம். வலிமா விருந்து முடிந்ததும் பீடா தட்டு வந்தால் கை தானாக நீள்கிறது. இந்திய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். அதற்கு முக்கியக் காரணம் புகையிலையும் பாக்கும்.

பாக்கு என்ன செய்கிறது?

“நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலைப் பாக்குதான்” என்று நன்னிமார் சொல்வதைக் கேட்டிருப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்துவிட்டது. சிகரெட் புகை இருக்கும் அதே முதல் பட்டியலில் பாக்கும் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று இதற்குப் பொருள் அல்ல. இரண்டுக்கும் ஆதாரம் உறுதியானது என்பதே பொருள்.

பாக்கில் அரெகோலின் என்ற பொருள் உள்ளது. சுண்ணாம்பு சேரும்போது இது வாய்க்குள் எளிதாக இறங்குகிறது. நாளடைவில் கன்னத்தின் உட்பக்கச் சதை நார் நாராகத் தடித்து விறைத்துப்போகும். காரம் பட்டாலே எரியும், வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போகும். இப்படி விறைத்த வாய் முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. இவர்களில் சிலருக்கு அது பின்னர் புற்றுநோயாக மாறுகிறது.

குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டே தடை விதிக்கப்பட்டது. ஆனால் இனிப்பு கலந்த வாசனைப் பாக்கு, பெட்டிக்கடையில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் தொங்குகிறது. மிட்டாய் போல இனிப்பதால் சிறு வயதிலேயே பழகிவிடுகிறார்கள். கடைக்கு அனுப்பும் பிள்ளை மீதிக் காசுக்கு என்ன வாங்குகிறது என்று உம்மாமார் கவனியுங்கள்.

புகை

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 பொருட்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. பீடி என்றாலும் இதே கதைதான். அத்தா திண்ணையில் உட்கார்ந்து புகைத்தாலும் அந்தப் புகை உள்ளே இருக்கும் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் போகிறது.

விட நினைப்பவர்களுக்கு ரமலான் நல்ல வாய்ப்பு. ஸஹர் முதல் இஃப்தார் வரை சிகரெட் இல்லாமல் இருக்க முடிந்தவர், அதன் பிறகும் இருக்க முடியும். கஷ்டமாக இருந்தால் 1800 11 2356 என்ற அரசின் இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

சமையலறையில் கவனிக்க வேண்டியவை

• பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவற்றைக் கழுவிப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள். அந்தப் பூஞ்சையின் நச்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது.
• பளிச்சென்ற நிறமுள்ள தின்பண்டங்களைத் தவிருங்கள். துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது.
• பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். கபாப், தந்தூரியில் கருகிய பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள்.
• பிரியாணி இருக்கும் நாளிலும் தட்டில் காய்கறிக்கு இடம் கொடுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள். உடல் பருமன் மார்பகம், பெருங்குடல் உட்படப் பல உறுப்புகளின் புற்றுநோய்க்கு வழிவிடுகிறது.

இன்றே கண்ணாடி முன் நில்லுங்கள்

மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நெட்டுவாக்கில் வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி ஆகியவற்றுக்கும் அப்படியே. வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய்ப் புற்றுநோய்க்கும், பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். பெண்களைப் பெண் செவிலியரே பரிசோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். கூச்சத்தால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நோய்க்குத்தான் லாபம். வீட்டு ஆண்களே உம்மாவையும் மனைவியையும் ராத்தாவையும் அழைத்துப் போனால் அந்தக் கூச்சம் பாதி குறையும்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்து நம் வீட்டில் நடக்கும் நிக்காஹ் விருந்தில் பீடா தட்டுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம், சோம்பு, ஏலக்காய் வைப்போம். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையில் ஒரு குறையும் வராது. பார்த்துச் செல்பவர்களில் ஒரு குடும்பமாவது அதைத் தன் வீட்டிலும் செய்யும், இன்ஷா அல்லாஹ்.